அக்கா கொடுத்த டேப்

டெய்லரக்காவின் கடை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. 'அளவு தப்பாது' என்று இரண்டே சொல். கடைக்குப் பெயர்கூடக் கிடையாது. பெயர் எதற்கு, அளவு சரியாக இருந்தால் ஆள் தானாக வரும் என்பது அவள் கட்சி. இருபத்தெட்டு வருடமாக வந்துகொண்டும் இருக்கிறது. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி நர்சுகளின் கோட்டு, லாரி ஓட்டுகிறவர்களின் பேன்ட், எதுவானாலும் அவளிடம்தான். ஆளை நிற்கவைத்து டேப்பை ஒரு சுழற்றுச் சுழற்றினால் வேலை முடிந்தது. மறுபடி அளந்து பார்க்கிற வழக்கமே இல்லை. "மொத தடவ தூங்கிட்டு அளந்தவங்கதான் ரெண்டாந்தடவ அளப்பாங்க" என்பாள்.

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அளவெடுக்க வந்தவங்க எல்லாரும் துணி அளவுதான் குடுத்தாங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். உண்மை வேறு. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினான்கு, தங்கைக்குப் பத்து. யாராவது தைத்தாக வேண்டும், இவள் தைத்தாள். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லி அவள் கண்ணைக் கசக்கி யாரும் பார்த்ததில்லை. கண்ணைக் கசக்கினால் ஊசியில் நூல் கோக்க முடியாதே.

அந்தத் தங்கைதான் சின்னவள். இப்போது நாற்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். பதினேழு வருடம் ஒரு கூரியர் ஆபீசில் சீல் குத்தினாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆபீசுக்கே சீல் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், மூன்றாவது மாதம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மரப்பட்டறைக்குப் போய், வேலை கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டு வந்தாள். பட்டறை மேஸ்திரி பாவம், அதிகம் பேசாத மனிதர். ஏன் என்று கேட்கவில்லை, எந்தக் கைப்பழக்கம் என்று மட்டும் கேட்டாராம். இடதுகை என்றாளாம். "ரம்பத்தப் பிடிச்சு நில்லும்மா, பாப்போம்" என்று சேர்த்துக்கொண்டுவிட்டார்.

மூன்று மாதம் சம்பளமில்லாமல் கற்றாள். நான்காவது மாதம் பாதிச் சம்பளம். ஆறாவது மாத முடிவில் வெளிவேலை ஒன்றைத் தனியாக முடித்துக் காட்டினால் சொந்தமாக ஒரு வேலைமேசையும் முழுச் சம்பளமும். முடியவில்லையென்றால் கைகுலுக்கிப் பிரிந்துவிடுவது. இதுதான் பேச்சு. அக்காவுக்கு இதில் தங்கையைவிட ஆசை. ஏனென்றால் சீல் குத்திய பதினேழு வருடத்தில் ஒருநாள்கூடச் சின்னவள் வீட்டுக்கு வந்து ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சாப்பிடுகிற தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் விரலால் கோடு போட்டு, மரம் எந்தப் பக்கம் இழைத்தால் வழுவழுவென்று வரும், எந்தப் பக்கம் பிய்யும் என்று ஒப்பிக்கிறாள்.

பாதிச் சம்பளம் வந்த வாரம் அவளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று அக்காவும் தம்பியும் முடிவு பண்ணினார்கள். தம்பி எதையும் யோசித்துச் செய்கிற ஜாதியில்லை. அன்று மாலையே ஒரு பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே துளை போடுகிற மின்சார மெஷினும் அறுபது விதமான முனையும். சின்னவள் அப்போதுதான் ரம்பத்தை நேராகப் பிடிக்கவே கற்றிருந்தாள். "ரொம்ப நல்லாருக்குண்ணா" என்று வாங்கி வைத்தாள். பட்டறையில் அந்தப் பெட்டி நன்றாகவே உபயோகப்பட்டது. மதியம் அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. இரும்புக்கடைக்குப் போய், உளி ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"யாருக்கும்மா?"

"என் தங்கச்சிக்கு. மரவேல கத்துக்கறா."

"அவங்ககிட்ட என்ன இருக்கு, என்ன இல்ல?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப நீங்க எத வாங்கினாலும் தப்பாத்தான் வாங்குவீங்க" என்றார் அவர். "ஒரு நாள் போயி அவங்க வேல செய்றதப் பாருங்க. கை எத தேடுது, எது கெடைக்காம முழிக்கறாங்கன்னு பாத்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

வியாபாரத்தையே கெடுத்துக்கொள்கிற மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தாலும், பேச்சு மனதில் தைத்துவிட்டது. ஆனால் ஒரு நாள் முழுக்கப் போய்ப் பார்க்க யாருக்கு நேரம்? கடையில் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. போகிற வழியில் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று எட்டிப் பார்த்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் சின்னவள் இரண்டு தடவை பக்கத்து ஆளிடம் டேப் கேட்டாள். கண்டுபிடித்தாயிற்று, இவளிடம் சொந்த டேப் இல்லை.

கடைக்குத் திரும்பிய அக்காவின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. மஞ்சள் துணி டேப், அறுபது இஞ்ச், முனையில் பித்தளைத் தகடு. கடை போட்ட வருடம் வாங்கியது. கடையில் கிடைக்கிற புதுசை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். இருபத்தெட்டு வருடம் தப்பாத டேப்பை யார் கொடுப்பார்கள்? கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, சுருட்டி, ஒரு சின்ன வெல்வெட் பை தைத்து அதில் போட்டாள். வீட்டில் அதை நீட்டியபோது சின்னவள் டேப்பை உருவி, பித்தளை முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது உன் கழுத்துலயே கெடந்ததுக்கா."

"இனிமே உன் கழுத்துல கெடக்கட்டும். ராசியான டேப்பு. என்னிக்கும் என்னய ஏமாத்தினதில்ல."

சின்னவள் அழுதாள். அக்கா, "துணிய நனைக்காத, சுருங்கிடும்" என்று அதட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே போய் அவளும் அழுதாள் என்பது நமக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தனக்கென்று புதிதாக ஒரு டேப் வாங்கிக்கொண்டாள். அங்கேதான் ஆரம்பித்தது வினை. அக்காவின் பழைய வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப்பேர் அளவு கொடுக்க நேரில் வருவதில்லை. துணியை அனுப்பிவிட்டு, "பழைய அளவுதாங்க்கா" என்று போனில் சொல்வார்கள். அவளிடம் தடித்தடியாக நாலு நோட்டு இருக்கிறது, ஊரில் பாதிப்பேரின் உடம்பு அதற்குள் இருக்கிறது. அதைப் பார்த்து வெட்டித் தைத்துக் கொடுத்துவிடுவாள். ஒரு மாதமாக அப்படித் தைத்துப் போனதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. இடுப்பு பிடிக்கிறது, தோள் இழுக்கிறது, பொத்தான் போட்டால் மூச்சு முட்டுகிறது.

"உடம்பு போட்டுட்டீங்க" என்றாள் அக்கா, ஒவ்வொருத்தரிடமும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பட்டறை மேஸ்திரியும் அதில் ஒருவர். பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு வந்து நின்றார். "உக்காந்தா கொக்கி தெறிக்குதும்மா." அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தொப்ப வெச்சிருச்சு மேஸ்திரி. சாயங்காலம் வாயக் கட்டுங்க." நல்ல மனிதர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து சாயங்காலத்து டீயோடு பிஸ்கட்டை நிறுத்திவிட்டாராம். சின்னவள் வந்து சொல்லிச் சிரித்தாள்.

ஆறாவது மாதம் சின்னவளுக்கு வெளிவேலை வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம். தவழ்கிற, நடை பழகுகிற குழந்தைகள் பன்னிரண்டு பேர். விளையாடுகிற அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவே இல்லாத வாசல்நிலை. அந்த நிலையில் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டிக்கதவு போட வேண்டும், குழந்தைகள் அடுப்புப் பக்கம் போகாதபடிக்கு. அதுவரை காப்பகத்து டீச்சர் இரண்டு நாற்காலியைப் படுக்கப்போட்டு மறித்து வைத்திருந்தாள். சின்னவள் அக்கா கொடுத்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் அளந்தாள். பட்டறைக்கு வந்து, மேசையில் பதித்திருக்கிற இரும்பு ஸ்கேலை வைத்து அறுத்தாள், இழைத்தாள், கோத்தாள். எட்டு நாள். கதவின் ஓரங்களைக் குழந்தைகளின் கைக்குக் குத்தாதபடி உருட்டி, உப்புத்தாள் போட்டு, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாளாம்.

கதவைக் கொண்டுபோய் மாட்டிய மறுநாள், மதியம் மூன்று மணிக்கு, அவள் அக்காவின் கடைக்குள் வந்து வெட்டுமேசைமேல் வெல்வெட் பையை வைத்தாள்.

"இந்தா உன் டேப்பு."

"ஏன்டி, என்னாச்சு?"

"நீயே வெச்சுக்க. நல்ல சாமான என் கையில குடுத்து வீணாக்காத."

தையல் மெஷின் நின்றது. விஷயம் சொட்டுச்சொட்டாகத்தான் வெளியே வந்தது. கதவு அஞ்சு நூல் குறைச்சல். நூல் என்பது தச்சுவேலைக்காரர்கள் கணக்கில் இஞ்சை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. அஞ்சு நூல் என்றால் அரை இஞ்சுக்கும் மேலே. கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளின் நாக்கு எதிர்ச் சட்டத்துத் துளையை எட்டவே இல்லை. ஒரு குழந்தை வந்து தலையால் முட்டியது, கதவு திறந்துகொண்டது. டீச்சர் பழைய நாற்காலி இரண்டையும் கொண்டுவந்து மறுபடி படுக்கப்போட்டாள்.

"மூணு தடவ அளந்தேங்க்கா. மூணு தடவயும் முப்பத்தெட்டுதான். அறுத்தத மேஸ்திரியே ஸ்கேல வெச்சுப் பாத்தாரு, ஒரு மயிரிழ பெசகல. அப்ப அளந்ததுலதான் தப்பு. என் கண்ணுலதான் தப்பு. டேப்பு உன்னது, அது தப்பாது."

"மேஸ்திரி திட்டினாரா?"

"திட்டினாக்கூடப் பரவால்ல. 'வீட்டுக்குப் போயி யோசிம்மா'ன்னாரு." சின்னவள் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனோட ஃபிரெண்டு கோல்டு ஸ்டோரேஜ்ல பில் போடற வேல சொன்னாரில்ல, சனிக்கெழமக்குள்ள பதில் கேக்கறாங்க. சரின்னு சொல்லிடப் போறேன். ஒரு மேச, ஒரு நாற்காலி, ஒரு சீலு. அதுல என்னத்த தப்பா வெக்கப் போறேன்."

அக்கா அதட்டிப் பார்த்தாள், இன்னொரு கதவு செய்துகொடு என்றாள், நான் மரம் வாங்கித் தருகிறேன் என்றாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆபீசில் சீல் குத்திக்கொண்டிருந்த காலத்தில் ஆட்டுவாளே, அதே மாதிரி. பட்டறையில் இருக்கிற சாமானை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் படியிறங்கவும் ஒரு நர்ஸ் படியேறவும் சரியாக இருந்தது. கையில் போன வாரம் வாங்கிப்போன வெள்ளைக் கோட்டு.

"அக்கா, இது அக்குள்ல பிடிக்குது."

"உடம்பு போட்டுட்டீங்க" என்றாள் அக்கா, நினைப்பு வேறெங்கோ இருக்க.

"மூணு கிலோ கொறஞ்சிருக்கேங்க்கா. தெனம் ஆஸ்பத்திரி மெஷின்ல ஏறிப் பாக்கறேன்."

அக்கா நிமிர்ந்தாள். கோட்டை வாங்கி மேசைமேல் விரித்தாள். நோட்டில் மார்பு நாற்பது. கழுத்தில் கிடந்த புது டேப்பை வைத்தாள். வெட்டியது அதற்குச் சரியாகத்தான் இருந்தது. பின்னே எதற்குப் பிடிக்கிறது? அவள் பார்வை மேசை ஓரத்தில் கிடந்த வெல்வெட் பைமேல் போனது. பழைய டேப்பை உருவி, புதியதின் பக்கத்தில் நீட்டினாள். பித்தளை முனை இரண்டையும் சேர்த்து வைத்து, கத்தரிக்கோலை வெயிட்டாக வைத்து, உள்ளங்கையால் மெல்ல நீவிக்கொண்டே மறுமுனை வரை போனாள்.

புது டேப் அறுபது என்று சொன்ன இடத்தில் பழைய டேப் ஐம்பத்தொன்பது என்றது.

இருபத்தெட்டு வருடம் ஊரின் இடுப்பையும் தோளையும் சுற்றி இழுத்து இழுத்து, அது ஒரு இஞ்ச் நீண்டுபோயிருந்தது. இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? எப்படித் தெரியும்? ஆளை அளந்ததும் அதே டேப், துணியை அளந்ததும் அதே டேப். இரண்டு பக்கமும் ஒரே பொய், அதனால் சட்டை பொருந்தியது. ஆளை ஒன்றாலும் துணியை ஒன்றாலும் அளந்தபோதுதான் சட்டை பிடித்தது. நிலையை ஒன்றாலும் கதவை ஒன்றாலும் அளந்தபோதுதான் கதவு குறைந்தது. அங்கே வந்த தப்பும் இங்கே வந்த தப்பும் ஒன்றேதான்.

முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் ஏதோ கேட்டாள், கோட்டைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று அக்கா அவளை அனுப்பிவிட்டாள்.

இந்த இடத்தில் அக்காவை நல்லவள் என்று காட்டுவதற்காக நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முதலில் வந்த யோசனை, பழைய டேப்பைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடலாம் என்பதுதான். யாருக்கும் தெரியாது. தங்கைக்கு இரும்பு டேப் ஒன்று வாங்கிக் கொடுத்து, இன்னொரு தடவை முயற்சி பண்ணு என்று சொன்னால் போயிற்று. கத்தரிக்கோலைக் கையில்கூட எடுத்துவிட்டாள். வெளியே தகரப் பலகை காற்றில் ஆடிச் சத்தம் போட்டது. அளவு தப்பாது. ஊரெல்லாம் உடம்பு போட்டுவிட்டது என்று சொன்ன வாய், இப்போது தப்பு என்மேல் என்று சொல்ல வேண்டும். அவமானமாக இருந்தது, ரொம்ப அவமானமாக இருந்தது. ஆனால் இரும்பு டேப் வாங்கிக் கொடுத்தால் சின்னவளுக்கு டேப்தான் கிடைக்கும். தன் கண் சரியாகத்தான் பார்த்தது என்பது எப்படித் தெரியும்? அது தெரியாமல் அவள் இனி எந்த மரத்தைத் தொட்டாலும் தன் கண்ணையே சந்தேகப்படுவாள்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, இரண்டு டேப்பையும் எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள். நாலு மணிக்கு அந்தக் கடை பூட்டியதை அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்று பார்த்தார்.

பட்டறையில் சின்னவள் தம்பி கொடுத்த பெட்டியில் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் எதையோ இழைத்துக்கொண்டிருந்தார். அக்கா நேராக மேசைக்குப் போய், பதித்திருந்த இரும்பு ஸ்கேலின் ஓரமாகப் பழைய டேப்பை நீட்டிப் பிடித்தாள்.

"மேஸ்திரி, இங்க வாங்க. சின்னவளே, நீயும் வா. பெட்டி எங்கயும் ஓடாது."

இருவரும் வந்தார்கள். இழைப்புச் சத்தம் நின்றதால் மற்ற இரண்டு ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அக்கா குரலை உயர்த்தினாள்.

"என் டேப்பு தப்பு. இழுபட்டு நீண்டுபோச்சு. எனக்கே இன்னிக்கித்தான் தெரியும். இவ அளந்தது சரி. தப்பான டேப்ப ராசியான டேப்புன்னு பை தெச்சுப் போட்டுக் குடுத்தது நானு."

சின்னவள் டேப்பின்மேல் குனிந்தாள். முப்பத்தெட்டாவது கோட்டில் விரலை வைத்து, பக்கத்தில் ஸ்கேலைப் படித்தாள். முப்பத்தெட்டும் அஞ்சு நூலும். மறுபடி ஒருதரம் படித்தாள்.

"சரியாத்தான் அளந்திருக்கேன்" என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "ரெண்டு நாளா நான் சோறு திங்கலக்கா. என் கண்ணையே நொந்துக்கிட்டு கெடந்தேன்."

"தெரியும். திட்டு."

"திட்டாம விடுவேனா. வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு."

மேஸ்திரி மோவாயைத் தடவினார். அவருக்குக் கணக்கு வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏம்மா, அப்ப என் பேன்ட்டு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அதுவும் இந்தக் கதைதான் மேஸ்திரி. பழைய அளவு, புது டேப்பு."

"அப்ப எனக்குத் தொப்ப இல்ல?"

"தொப்ப இருக்கு. நான் சொன்ன அளவுக்கு இல்ல."

அதிகம் பேசாத அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மரத்தூள் பறந்தது. ஒரு ஆளைக் கூப்பிட்டு, டீ சொல்லு, எனக்குப் பிஸ்கட்டும் சொல்லு என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. புதுசா எந்த டேப்ப எடுத்தாலும் மொதல்ல மேச ஸ்கேல்ல ஒத்துப் பாக்கணும். அத உனக்குச் சொல்லவே இல்ல. துணி டேப்பக் கொண்டுட்டு மரவேலைக்கு வருவாங்கன்னு யார் கண்டா." கொஞ்சம் யோசித்தார். "சரி, கதவு கொறஞ்சிருச்சு. கொறஞ்ச மரத்த இழுத்து நீட்ட முடியாது. என்ன பண்ணப் போற?"

சின்னவள் கழிவு மரம் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கருஞ்சிவப்பாக ஒரு துண்டை எடுத்து வந்தாள். கதவு வெளிர் மரம். "ஓரத்துல இதப் பட்டியா வெச்சு, பசையும் மரக்குச்சியும் போட்டுக் கோத்துட்டா? சரிக்கட்டினதுன்னு தெரியாது. அழகுக்கு வெச்சதுன்னு நெனப்பாங்க."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளுக்குள், கை நீளம் பத்தாத சட்டைக்கு நான் பண்ணுகிற வேலையைத்தான் இவள் சொல்கிறாள், யாரிடம் கற்றாள் என்று கேட்டுக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாழ்ப்பாளின் நாக்கு துளைக்குள் போய் டக்கென்று உட்கார்ந்தது. முதலில் தலையால் முட்டிய அதே குழந்தை மறுபடி வந்து முட்டியது, கதவு அசையவில்லை, அது அழுதுகொண்டே திரும்பிப் போனது. டீச்சர் நாற்காலிகளை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். சனிக்கிழமை தம்பியின் சிநேகிதனுக்குப் போன் போனது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. அடுத்த வாரம் ஜன்னலோரமாக ஒரு வேலைமேசையைக் காலிசெய்து சின்னவளுக்குக் கொடுத்தார் மேஸ்திரி.

அக்காவுக்கு ஒரு பாக்கி இருந்தது. ஒரு திங்கட்கிழமை மெய்யாகவே கடையைச் சாத்திவிட்டுப் பட்டறையில் போய், காலை முதல் மதியம் வரை, தம்பி கொடுத்த பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்தாள். இரும்புக்கடைக்காரர் சொன்னது சரிதான், அஞ்சு நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. சின்னவள் பென்சிலை வாயில் கவ்வினாள், தலைமுடியில் செருகினாள், செருகியதை மறந்துவிட்டு மேசை முழுக்கத் தேடினாள். பசைக் கையைத் தொடையில் துடைத்தாள். சட்டைப்பையில் மரத்தூள் நிரம்பிக் கனத்தது. பட்டறையில் கொடுத்த மேலங்கி வலதுகைக்காரர்களுக்குத் தைத்தது, இடதுகை ஒவ்வொரு தடவையும் தேடிப்போய் வெறும் துணியைத் தடவியது. முதுகில் முடிச்சுப் போட்ட கயிறு மெஷின் பக்கம் போகும்போதெல்லாம் ஆடியது. அதைப் பார்த்து அக்காவுக்குப் பயமாக இருந்தது.

நாலு நாளில் தைத்துக் கொடுத்தாள். தடித்த துணியில் மேலங்கி, தோளில் பட்டை குறுக்காகப் போய் இடுப்பில் பொத்தானில் முடியும், தொங்குகிற கயிறே கிடையாது. இடதுகை எட்டுகிற பக்கத்தில் பென்சிலுக்குக் குறுகலாக ஒரு பை. இரும்பு டேப்புக்குத் தொடையில் இன்னொன்று. பை மூலையில் சின்ன ஓட்டை, தூள் தானாகக் கொட்டிப்போக. தொடையில் பசை துடைக்க மாற்றிப்போடுகிற மாதிரி ஒரு துண்டுத்துணி. தங்கையின் அளவைக் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பத்து வயதிலிருந்து தைக்கிற உடம்புக்கு எதற்கு டேப்? போட்டுப் பார்த்தாள் சின்னவள். இடதுகை தானாகப் போய்ப் பென்சிலை எடுத்தது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

"போதும்டி, பை கிழிஞ்சிடும்" என்றாள் அக்கா.

ஆனால் அக்காவின் கடையில் தொல்லை தீரவில்லை. நாலு நோட்டிலும் இருப்பது பழைய டேப்பின் இஞ்ச். புது டேப்பால் வெட்டினால் பிடிக்கும், எல்லாரையும் மறுபடி வரச்சொல்லி அளக்க முடியாது. வேறு வழியில்லாமல் பழைய டேப்பையே மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதுவோ இருபத்திரண்டாவது இஞ்சில் நைந்து, நூல் பிரிய ஆரம்பித்துவிட்டது. இன்றோ நாளையோ என்று இருந்தது. அது அறுந்தால் இருபத்தெட்டு வருடத்து நோட்டும் வெறும் எண்கள்தான். இதை அவள் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள், சொல்லிவிட்டு மறந்தும்போனாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் டேப்பை இரவல் வாங்கிப் போனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சின்னவள் கடைக்கு வந்தாள். மேலங்கியோடு வந்தாள், பையில் பென்சில் இருந்தது. பழைய துணியில் சுற்றி நீளமாக எதையோ வெட்டுமேசைமேல் வைத்தாள்.

பிரித்தால் ஒரு மர அளவுகோல். இரண்டு விரல் அகலம், வழுவழுவென்று இழைத்து, துணி சிக்காதபடி ஓரங்களைத் தேய்த்திருந்தது. கத்திமுனையால் கோடு கீறி, கறுப்பேற்றியிருந்தாள். ஒரு ஓரத்தில் 'ஊர் இஞ்ச்' என்று எழுதியிருந்தது. மறு ஓரத்தில் 'அக்கா இஞ்ச்'.

"புது ஆளுக்குப் புது டேப்புல அளந்து, இந்த ஓரத்துல வெட்டு" என்றாள் சின்னவள். "நோட்டுல இருக்கறவங்களுக்கு அந்த ஓரம். மூணு கோல் கெட்டுப்போச்சு, இது நாலாவது. ஒத்துப் பாரு."

மறுபடி அளந்து பார்க்கிற வழக்கமில்லாத அக்கா, பழைய டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி அளவுகோலின்மேல் நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கோடாக விரலை வைத்துக்கொண்டே போனாள். நைந்துபோன இருபத்திரண்டிலும், கடைசி முப்பத்தாறிலும் கோட்டின்மேல் கோடு உட்கார்ந்திருந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நிமிர்ந்தால் தங்கை முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் பார்த்தாள்.

"சரியா இருக்காக்கா?"

"அளவு தப்பல" என்றாள் அக்கா. சொன்ன கையோடு நோட்டைத் திறந்து, மேஸ்திரியின் பக்கத்தை எடுத்து, பேன்ட் துணியை மேசைமேல் விரித்தாள். தன் பெயர் எழுதிய ஓரத்தைத் துணியின்மேல் வைத்து, சுண்ணாம்புக்கட்டியால் முதல் கோட்டைப் போட்டாள்.